நானுஓயா ஏற்றத்தில் கொதித்த டொல்பின்

என் தங்கையின் கணவரிடம் இருப்பது, 1990களில் ஜப்பானில் செய்யப்பட்டு, பாவித்த வாகனமாக இலங்கைக்கு வந்த டொயோட்டா ஹையேஸ் எல்.எச். 113 வேன். அந்தப் பெயரைச் சொன்னால் நம் ஊரில் யாருக்கும் விளங்காது. டொல்பின் என்றால்தான் கராஜிலும் சாமான் கடையிலும் தலை நிமிரும். முன் இருக்கைகளுக்கு அடியில் 2,779 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள 3எல் டீசல் இயந்திரம் உட்கார்ந்திருக்கும். காலையில் கொட்டகலையிலிருந்து பாடசாலைப் பிள்ளைகளை ஹட்டனுக்குக் கொண்டுபோய் விடுவதும், விடுமுறை நாட்களில் ஹயருக்கு ஓடுவதும் அதன் வேலை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வேன்களின் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு, இருக்கிற வேனை விற்றுவிட்டு இன்னொன்று வாங்கலாம் என்ற யோசனையே மச்சானுக்கு ஏன் வரவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நான் வாகன மெக்கானிக் அல்லன். தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக வேலை பார்க்கிறேன். ரோலர், ட்ரையர், மின்விசிறி, பெல்ட் ஆகியவையே எனக்குப் பழக்கமானவை. ஆனால் சூடான ஒன்றைக் குளிரவைப்பதும், காற்றும் நீரும் எங்கே எவ்வளவு போகின்றன என்று தேடிப் பார்ப்பதும் தொழிற்சாலையிலும் வேனிலும் ஒரே வேலைதான் என்ற நம்பிக்கையில்தான் இதில் கைவைத்தேன்.

கோளாறு முதன்முதலாகப் பெரிதாக வெளிப்பட்டபோது நானும் வேனில் இருந்தேன். ஏப்ரல் மாதம், பிள்ளைகள் உட்பட பதினொரு பேர், நுவரெலியாவுக்குப் பயணம். டெவன் நீர்வீழ்ச்சியைத் தாண்டித் தலவாக்கலைக்குப் போகும்வரை ஒன்றும் தெரியவில்லை. லிந்துலைக்குப் பிறகு இரண்டாம் கியரிலேயே ஏறிக்கொண்டிருந்தபோது வெப்பமானி முள் நடுக்கோட்டை விட்டு மெல்ல மேலெழுந்தது. நானுஓயாவை நெருங்குகையில் சிவப்புக் கோட்டுக்கு விரலளவு கீழே நின்ற முள், சட்டென்று பாதிக்கும் கீழே விழுந்தது. “முள் இறங்கிருச்சு மச்சான், இனிப் பயமில்ல” என்றார் தங்கையின் கணவர். அரை நிமிடம் நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்குள் இருக்கையின் அடியிலிருந்து ஈரத்துணியை இஸ்திரிப் பெட்டியில் தேய்த்தாற்போன்ற ஒரு வாடை வந்தது.

முள் இறங்கியதற்குக் காரணம் சூடு தணிந்ததல்ல. வெப்பத்தை உணரும் சென்சர் நீருக்குள் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். நீர் கொதித்து வெளியேறி அதன் மட்டம் சென்சருக்குக் கீழே போய்விட்டால், அது வெறும் ஆவியைத்தான் தொட்டுக்கொண்டிருக்கும், முள்ளும் இறங்கிவிடும். ஏற்றத்தின் நடுவில் காரணமில்லாமல் முள் விழுந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும் என்பதை அன்றுதான் முழுமையாக விளங்கிக்கொண்டேன். தெருவோரப் பீலி ஒன்றின் பக்கத்தில் ஒதுக்கி நிறுத்தி, நாற்பது நிமிடம் எதையும் தொடாமல் காத்திருந்தோம். வந்தவர் போனவரெல்லாம் மூடியைத் திறக்கச் சொன்னார்கள். ஒருவர் வாளியோடு வந்து இயந்திரத்தின் மேலேயே ஊற்றப் போனார். அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் மூடியைத் திறந்ததும் ஆவியாகி முகத்தில் அடிக்கும். சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட் சுட்டுக் கிடக்கும்போது அதன்மேல் குளிர்ந்த நீர் பட்டால் உலோகம் வெடிக்கவும் கூடும். சூடு தணிந்த பிறகு சாக்கை மடித்து மூடியின் மேல் போட்டு, கால் திருப்பு திருப்பிக் காற்றை விட்டுவிட்டு, இயந்திரத்தை ஓடவிட்டபடியே பீலித் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றினோம். நான்கு லீற்றருக்கு மேல் குடித்தது.

மறுநாள் காட்டிய கராஜில், இருக்கையைக்கூடத் தூக்கிப் பார்க்காமல், ஹெட்டுக்கு அடியில் வாயுவும் நீரும் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது, ஹெட்டிலும் வெடிப்பு இருக்கும், கழற்றி லேத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். சொன்ன தொகையைக் கேட்டு மச்சான் தங்கையின் வளையலைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார். பாடசாலை விடுமுறை முடிய இன்னும் நாளிருந்ததால், ஒரு வாரம் மட்டும் எனக்குத் தாருங்கள் என்று கேட்டு வேனை எங்கள் லயத்துக்கு மேலே உள்ள சரிவில் நிறுத்திக்கொண்டேன்.

முதலில் ஸ்பெனரைத் தொடவில்லை. கொப்பி ஒன்றை எடுத்து, எப்போது சூடாகிறது, எப்போது ஆகவில்லை என்று மச்சானிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். இறக்கத்தில் ஒருபோதும் சூடாவதில்லை. நீண்ட ஏற்றத்தில் இரண்டாம் கியரில் பத்துப் பதினைந்து நிமிடம் போனால் முள் எழும். ஹட்டன் நகரில் வாகன நெரிசலில் நின்றால் மெல்ல எழுந்து, வேன் நகரத் தொடங்கியதும் இறங்கும். காலையில் மட்டும், கொட்டகலையிலிருந்து ஹட்டனுக்குப் போய்ச் சேரும்வரைகூட முள் நடுவுக்கு வராது. இந்தக் கடைசி வரியை எழுதிய நான், கொட்டகலைக் காலைக் குளிர்தானே என்று கடந்து போனேன். மூன்று நாள் வேலையை மிச்சப்படுத்தியிருக்கக்கூடிய வரி அது.

ஹெட் கேஸ்கட் குற்றவாளியா இல்லையா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள விரும்பினேன். இந்த டீசல் இயந்திரத்தின் அழுத்த விகிதம் ஏறத்தாழ 22க்கு 1; சிலிண்டருக்குள் காற்று இருபத்திரண்டில் ஒரு பங்காக நெருக்கப்படும். கேஸ்கட்டில் முடியளவு வழி கிடைத்தாலும் சிலிண்டரின் வாயு பலமாக நீர்ப்பாதைக்குள் புகும். இரவு முழுவதும் குளிர்ந்த இயந்திரத்தை விடியற்காலையில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்து, டார்ச் வெளிச்சத்தில் ரேடியேட்டரின் கழுத்துக்குள் பார்த்தேன். முதலில் இரண்டொரு குமிழ் வந்து நின்றது; அது ஊற்றியபோது அகப்பட்ட காற்று. பிறகு மூடியைப் போட்டு, மேல் ஹோஸைக் கையால் அமுக்கிக்கொண்டே நின்றேன். கேஸ்கட் போயிருந்தால் நீர் சூடாகுமுன்பே, இரண்டு மூன்று நிமிடத்தில் ஹோஸ் கல்லாகிவிடும். ஆகவில்லை. கடைசியாக, ரேடியேட்டரிலிருந்து உபரித் தொட்டிக்குப் போகும் சிறு குழாயைக் கழற்றி, தண்ணீர் நிரப்பிய சோடாப் போத்தலுக்குள் அதன் நுனியை விட்டு, இயந்திரம் நன்றாகச் சூடான பிறகு அக்சிலரேட்டரை அழுத்தச் சொன்னேன். விரிந்த நீர் கொஞ்சம் தள்ளப்பட்டது; தொடர்ச்சியான குமிழ் இல்லை. ஒயில் குச்சியில் பால் நிறம் இல்லை, புகையில் வெண்மை இல்லை. ஹெட்டைக் கழற்றக் காரணம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்துப் பார்த்தது ரேடியேட்டர் மூடி. மலிவான பொருள் என்பதால் யாரும் மதிப்பதில்லை. மலைநாட்டில் அதற்கு இருக்கும் மதிப்பே வேறு. கடல் மட்டத்தில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் நீர், ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஏறக்குறைய ஒரு பாகை குறைவாகக் கொதிக்கும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது 94 பாகையை ஒட்டி வந்துவிடும். மூடியில் 0.9 என்று பொறித்திருக்கும் எண், சதுர சென்ரிமீற்றருக்கு 0.9 கிலோகிராம் அழுத்தம் வரை அது நீரை அடைத்து வைத்திருக்கும் என்பதைச் சொல்வது. அந்த அழுத்தத்தின் கீழ் கொழும்பில் 118 பாகை வரையிலும், நுவரெலியாவில் 115 பாகை வரையிலும் வெறும் நீர்கூடக் கொதிக்காது. அதாவது, நல்ல மூடி இருந்தால் கொழும்புக்கும் நுவரெலியாவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. மூடியின் இறப்பர் செத்துவிட்டால், இயந்திரம் தன் வழக்கமான சூட்டில் ஓடும்போதே நீர் கொதிக்கத் தொடங்கிவிடும். எங்கள் மூடியின் இறப்பர் வளையத்தில் நகத்தை வைத்தேன், அப்பளம்போல் ஒரு துண்டு உடைந்து வந்தது. அதே 0.9 எண்ணுள்ள புதிய மூடி வாங்கினேன். எண் கூடிய மூடி இன்னும் நல்லது என்று கடைக்காரர் 1.1 ஐ நீட்டினார்; பழைய ஹோஸும் பழைய ரேடியேட்டரும் அந்தக் கூடுதல் அழுத்தத்தைத் தாங்குமா என்று பரீட்சித்துப் பார்க்க எனக்கு ஆசை இல்லை.

மூடி மட்டும் போதுமா என்று அறிய அளவை வேண்டியிருந்தது. வேனின் முள் நடுவில் நிற்பதை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது. பல பாகை ஏறி இறங்கினாலும் அது நடுவிலேயே நிற்கும். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய நெற்றி வெப்பமானியோடு பக்கத்து வீட்டுத் தம்பி உதவிக்கு வந்தான். அது மனிதக் காய்ச்சலைத் தாண்டி எதையும் காட்டாது என்பதால் நன்றி சொல்லித் திருப்பி அனுப்பினேன். தொழிற்சாலையில் ட்ரையரின் வெப்பத்தைச் சரிபார்க்கப் பயன்படுத்தும், கம்பி முனையுள்ள டிஜிட்டல் வெப்பமானியை அனுமதி கேட்டு இரவல் வாங்கினேன். அதற்கு இரண்டு கம்பிகளை இணைக்கலாம். ரேடியேட்டருக்குள் நீர் நுழையும் மேல் குழாயின் கழுத்தில் ஒன்றையும், வெளியேறும் கீழ்க் குழாயின் கழுத்தில் மற்றதையும் வைத்து, மேலே பழைய பஞ்சும் கறுப்பு நாடாவும் சுற்றிக் கட்டினேன். இயந்திரம் இருக்கைக்கு அடியில் இருப்பது பழுதுபார்ப்பவருக்குப் பெரிய தொல்லை. அன்றைக்கு மட்டும் அது வசதியாக இருந்தது. கம்பிகளை இருக்கையின் இடுக்கு வழியாக உள்ளே இழுத்து, வெப்பமானியை மடியில் வைத்துக்கொண்டே ஏற்றம் ஏறலாம்.

ஆட்களுக்குப் பதிலாக மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு லிந்துலையிலிருந்து மேலே புறப்பட்டோம். நானுஓயாவுக்குச் சற்று முன்னால் உள்ள ஒரு மதகை அடையாளமாக வைத்துக்கொண்டேன். மதகுக்கு வந்தபோது மேல் குழாய் 100, கீழ்க் குழாய் 81. புதிய மூடியின் புண்ணியத்தால் நீர் வெளியேறவில்லை, ஆனால் எண் இன்னும் ஏறிக்கொண்டிருந்ததால் அத்துடன் திரும்பிவிட்டோம்.

நெரிசலில் ஏறி, நகர்ந்தால் இறங்கும் முள் காற்றுக் குறைவைச் சொல்கிறது. இரண்டாம் கியரில் மலையேறும் வேனும் அந்த வகையில் நிற்கும் வேன்தான்: இயந்திரம் முழு வேலை செய்கிறது, எதிர்க்காற்றோ மனிதன் ஓடும் வேகத்துக்குமேல் இல்லை. அப்போது ரேடியேட்டருக்கு வேண்டிய காற்று முழுவதையும் மின்விசிறி ஒன்றே இழுத்தாக வேண்டும். முதலில் காற்றுப் பாதையைப் பார்த்தேன். ரேடியேட்டரின் பின்புறம் சுத்தமாக இருந்தது. முன்னால் இருக்கும் குளிரூட்டிக் கண்டென்சரும் வெளியிலிருந்து பார்க்கச் சுத்தம். இரண்டுக்கும் இடையிலுள்ள இரண்டு விரல் இடைவெளிதான் பார்வைக்குப் படாதது. கண்டென்சரின் ஆணிகளை மட்டும் தளர்த்தி, வாயுக் குழாய்களைக் கழற்றாமல் முன்பக்கம் சாய்த்தபோது, ரேடியேட்டரின் கீழ்ப் பாதி முழுவதும் கம்பளித் துண்டு ஒட்டினாற்போல் ஒரு படை தெரிந்தது. விரலால் ஓரத்தைத் தூக்கி உரித்தேன். சாண் அகலத்துக்குக் கிழியாமல் வந்தது. காய்ந்த புல், பூச்சி இறக்கைகள், தெருப் புழுதி, எங்கேயோ கசிந்த ஒயில் எல்லாம் சேர்ந்து அமுங்கிய படை. அதற்குள் முழு உருவம் கெடாத ஓர் அந்துப்பூச்சியும் இருந்தது. பின்புறத்திலிருந்து முன்புறமாக மெதுவான அழுத்தத்தில் தண்ணீர் விட்டுக் கழுவினேன். சேர்விஸ் நிலையத்துக் குழாயால் நேராக அடித்திருந்தால் மெல்லிய தகடுகள் மடிந்து வழி நிரந்தரமாக அடைபட்டிருக்கும்.

பிறகு விசிறி. இந்த இயந்திரத்தில் விசிறி நேராக வோட்டர் பம்பில் பூட்டப்பட்டிருப்பதில்லை. நடுவில் சிலிகன் எண்ணெய் நிரப்பிய ஒரு கப்ளிங் இருக்கும். ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்றுச் சூடாக இருந்தால் கப்ளிங்கின் முகப்பிலுள்ள சுருள் விரிந்து உள்ளே வழி திறக்கும், எண்ணெய் புகுந்து விசிறியை இறுகப் பிடிக்கும், குளிர்ந்தால் தளர்த்திவிடும். சூடான இயந்திரத்தை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்த பிறகு இறக்கையைச் சுண்டினேன். நல்ல கப்ளிங் பிசினில் கைவிட்டாற்போல் தடுத்து உடனே நிற்கும். இது மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, போதும் என்று நின்றது. சுருளைச் சுற்றிலும் எண்ணெய் கசிந்து புழுதி ஒட்டிய ஆரக்கோடுகளும் தெரிந்தன.

புதிய கப்ளிங்கின் விலை கைக்கு எட்டவில்லை. ரயிலில் கொழும்புக்குப் போய், மருதானையிலிருந்து பஞ்சிகாவத்தைக்கு நடந்தேன். பாவித்த சாமான் வாங்கும்போது கடைக்காரரின் வார்த்தையைவிடக் கையை நம்புவது நல்லது. ஐந்து கப்ளிங்குகளை வாங்கி ஒவ்வொன்றாகச் சுழற்றினேன். ஒன்றில் பெயரிங் ஆட்டம். இரண்டில் எண்ணெய்க் கசிவு. ஒன்று எங்களுடையதைப்போலவே சும்மா சுற்றியது. ஐந்தாவது, திருப்பும்போது ஒரே சீராகத் தடுத்தது, அதையே வாங்கினேன். குளிர்ந்திருக்கும்போது கொஞ்சமாவது தடுப்பு இருக்கிறதா, சுருளில் துரு இல்லையா என்பதற்கு மேல் கடையில் வைத்துப் பார்க்க முடியாது, மிச்சம் அதிர்ஷ்டம்.

விசிறியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூட்டின் கீழ்ப்பாதியும் உடைந்து காணாமல் போயிருந்தது. கூடு இல்லாவிட்டால் விசிறி ரேடியேட்டர் வழியாக இழுப்பதற்குப் பதிலாகத் தன் ஓரத்திலிருந்த சூடான காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும். ட்ரையர் விசிறியில் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். தொழிற்சாலையில் கழித்துப் போட்ட காற்றுக் குழாய்த் தகட்டில் ஒரு அரை வட்டத்தை வெட்டி, ஓரத்தை மடித்து, ரிவட் அடித்துப் பொருத்தினேன். பார்வைக்கு அழகில்லை. பெல்ட்டுகளின் இறுக்கத்தையும் பார்த்து, பம்பின் கீழுள்ள சிறு துளையில் கசிவு இல்லை என்பதையும் உறுதிசெய்துகொண்டேன்.

இவ்வளவும் முடித்தபோது வேலை தீர்ந்தது என்றே நம்பினேன். அதே மூட்டைகள், அதே ஏற்றம், அதே மதகு. மேல் குழாய் 97, கீழ்க் குழாய் 63.

தெருவோரத்தில் நிறுத்தி அந்த இரண்டு எண்களையும் பார்த்துக்கொண்டு இருந்தேன். மேல் குழாயின் எண் மூன்று பாகைதான் இறங்கியிருந்தது. கீழ்க் குழாயோ பதினெட்டுப் பாகை இறங்கியிருந்தது. ரேடியேட்டருக்குள் போகிற நீர் இப்போது மிக நன்றாகக் குளிர்கிறது, ஆகவே காற்றின் பக்கம் சரியாகிவிட்டது. ஆனால் 34 பாகை வித்தியாசம் என்பது, நீர் அங்கே தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டு ஊர்கிறது என்று பொருள். பத்துப் பதினைந்து பாகைக்குள் இருக்க வேண்டிய வித்தியாசம் இது. குளிர்ந்த நீர் நன்றாகத்தான் இருக்கிறது, போதுமான அளவில் இல்லை. ரேடியேட்டரின் உட்குழாய்கள் அடைபட்டிருக்கலாம்; பம்பின் இறக்கை அரித்திருக்கலாம்; அல்லது நீர் வேறு வழியாகப் போய்க்கொண்டிருக்கலாம்.

முதலாவதைச் சோதிப்பது எளிது. ரேடியேட்டரைக் கழற்றி நிமிர்த்தி, மேல் வாயில் பீலிக் குழாயின் முழு நீரையும் விட்டேன். தொடக்கத்தில் செங்கல் நிறத்தில் துருநீர் வந்தது, ஆனால் கீழ் வாய் தடையில்லாமல் விழுங்கியது. ஆண்டுக் கணக்காகக் கூலன்ட் இல்லாமல் வெறும் பீலித் தண்ணீரிலேயே ஓடியதன் நிறம் அது. இரண்டாவதைச் சோதிக்கப் பம்பைக் கழற்ற வேண்டும். அதற்குமுன், நீரின் சூட்டுக்கேற்ப ரேடியேட்டருக்கான வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டேட்டின் வீட்டைத் திறக்க இரண்டே ஆணிகள்தான். இதை ஏன் முதலிலேயே திறக்கவில்லை என்று கேட்டால், வேனை விற்றவர் புதிய தெர்மோஸ்டேட் போட்டதாகச் சொல்லிப் பற்றுச்சீட்டையும் கொடுத்திருந்தார். மச்சான் அதை இன்னும் பத்திரமாக வைத்திருந்தார். நான் பற்றுச்சீட்டைப் பார்த்தேன், பொருளைப் பார்க்கவில்லை.

ஆணிகளைக் கழற்றி, மர உளியால் மெல்லத் தட்டி மூடியை எடுத்தேன். சுற்றிலும் சிவப்புச் சிலிகன் பசை தாராளமாகப் பூசியிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. தெர்மோஸ்டேட் உட்கார வேண்டிய வட்டப் பள்ளத்தில் துருச் சேறு ஒரு தேக்கரண்டி அளவு இருந்தது, அவ்வளவுதான்.

எவரோ ஒருவர், எப்போதோ, இதே சூட்டுக் கோளாறுக்கு மருந்தாகத் தெர்மோஸ்டேட்டைக் கழற்றி எறிந்திருக்கிறார். நம் பகுதியில் இது சாதாரணமாக நடப்பது. நீரை மறிக்கும் அடைப்பானை எடுத்துவிட்டால் நீர் தாராளமாக ஓடும், இயந்திரம் குளிர்ந்தே இருக்கும் என்பது அந்த வைத்தியத்தின் நியாயம். சில பழைய இயந்திரங்களில் அது ஓரளவு பலிக்கவும் செய்யும். இந்த வகைத் தெர்மோஸ்டேட்டுக்கு இரண்டு தட்டுகள் உண்டு. இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது மேல் தட்டு ரேடியேட்டருக்கான வழியை அடைத்துவைக்க, நீர் பைபாஸ் வழியாக இயந்திரத்துக்குள்ளேயே சுற்றி விரைவாகச் சூடேறும். சூடான பின் மேல் தட்டுத் திறக்கும்போது கீழ்த் தட்டும் சேர்ந்து நகர்ந்து பைபாஸை அடைத்துவிடும். அதற்குப் பிறகு எல்லா நீரும் ரேடியேட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். தெர்மோஸ்டேட்டையே எடுத்துவிட்டால் இரண்டு வழிகளும் எப்போதும் திறந்தே கிடக்கும். நீர் எந்தக் காலத்திலும் சுலபமான வழியைத்தான் தேடும். ரேடியேட்டரின் நூற்றுக்கணக்கான நுண்குழாய்களுக்குள் நெருக்கியடித்துப் போவதைவிட, குறுக்குவழியான பைபாஸில் திரும்பிவிடுவது அதற்கு எளிது. ஆகவே குளிர்ந்த காலையில் இயந்திரம் சூடேறாது, ஏற்றத்தில் குளிராது. கொப்பியில் நான் எழுதிவைத்துவிட்டுக் கடந்துபோன அந்த வரிக்கு இதுதான் விளக்கம்.

82 பாகை என்று பொறித்த புதிய தெர்மோஸ்டேட்டை ஹட்டனில் வாங்கினேன். புதியதுதானே என்று பொருத்திவிடாமல், நூலில் கட்டிச் சமையலறைப் பாத்திரத்தில் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானிக் கம்பியையும் விட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். 82ஐ எட்டியபோது தட்டு மயிரிழை விலகி, அடியிலிருந்து நீர் நெளிந்து ஏறுவது தெரிந்தது. முழுத் திறப்பு 95 பாகையில், குறைந்தது 8 மில்லிமீற்றர். இங்கே மலைநாட்டவர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: எங்கள் வீட்டு அடுப்பில் தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிட்டது. நுவரெலியாவில் இதே சோதனையைச் செய்பவருக்கு 94ஐத் தாண்டவே முடியாது. தட்டு முழுதாகத் திறக்கவில்லை என்று நல்ல தெர்மோஸ்டேட்டைக் குறை சொல்லிவிடக்கூடும்.

பொருத்தும்போது பழைய பசை முழுவதையும் சுரண்டி எடுத்து, கேஸ்கட்டை மட்டும் வைத்தேன். பிதுங்கி உள்ளே விழும் பசைத் துணுக்குப் போய் உட்காரும் இடம் ரேடியேட்டரின் நுண்குழாயாகத்தான் இருக்கும். தெர்மோஸ்டேட்டின் விளிம்பில் ஆடும் ஊசியுள்ள சிறு துளை ஒன்று இருக்கும். அகப்பட்ட காற்று வெளியேறுவது அதன் வழியாக என்பதால் அது மேலே பார்த்திருக்க வேண்டும். பழைய நீரை முழுவதும் இறக்கி, மூன்று முறை நல்ல தண்ணீரால் அலசி, நான்காவது முறை கூலன்ட்டும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்து ஊற்றினேன். கூலன்ட் என்பது பனி உறையும் நாட்டுக்காரர்களுக்கு உரியது என்று இங்கே பலர் சொல்வார்கள். உறைவதைத் தடுப்பது அதன் ஒரு வேலை. துருவைத் தடுப்பதும் கொதிநிலையைச் சற்று உயர்த்துவதும்தான் நமக்கு வேண்டியவை.

காற்று எடுப்பதற்கு எங்கள் லயத்துச் சரிவு உதவியது. வேனின் முகம் மேட்டைப் பார்த்திருக்கும்படி நிறுத்தி, டயர்களுக்கு அடியில் கல் வைத்து, ஹீட்டர் வால்வை முழுவதும் திறந்தேன். இந்த வேனில் பின்னிருக்கைக்கும் ஹீட்டர் இருந்திருக்கிறது; அதற்கான இரும்புக் குழாய்கள் தரைக்கு அடியில் நீளமாக ஓடுகின்றன. காற்று ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. இயந்திரம் ஓட ஓட, மச்சான் மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட, நான் கழுத்தில் மட்டம் குறையும்போதெல்லாம் ஊற்றினேன். கடைசிக் குமிழ் ‘களக்’கென்று வெளியே வர முக்கால் மணி நேரம் ஆயிற்று, ஊற்றியது மொத்தம் பத்து லீற்றருக்குச் சற்றுக் கூடுதல்.

மூன்றாவது ஓட்டத்தில் மூட்டைகளோடு மச்சானின் அண்ணன் குடும்பமும் ஏறிக்கொண்டது. மதகில் மேல் குழாய் 90, கீழ்க் குழாய் 79. நிறுத்தாமல் நானுஓயாவைக் கடந்து நுவரெலியா வரை போனோம். 92க்கு மேல் எண் ஏறவில்லை, பொழுதெல்லாம் விசிறியின் இரைச்சல் இருக்கைக்கு அடியில் கேட்டுக்கொண்டிருந்தது. பழைய கப்ளிங்கோடு அந்த இரைச்சல் இருந்ததே இல்லை என்று மச்சான் சொன்னபோதுதான், அது இல்லாததையே ஓர் அடையாளமாக நான் முதல் நாள் கேட்டிருக்க வேண்டும் என்று பட்டது. செலவு முழுவதையும் கூட்டிப் பார்த்தேன். ரயில் கட்டணத்தையும் சேர்த்து, கராஜில் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிட்டது.

விடுமுறை முடிந்து வேன் மறுபடி பிள்ளைகளை ஏற்றத் தொடங்கிவிட்டது. கொட்டகலையை விட்டுச் சிறிது தூரம் போவதற்குள்ளேயே முள் நடுவுக்கு வந்துவிடுகிறது. உபரித் தொட்டியில் நான் கறுப்பு மையால் கீறிய கோட்டை மச்சான் தினமும் காலையில் பார்த்து எனக்குச் சொல்கிறார். மூன்று வாரத்தில் நூலளவு இறங்கியிருக்கிறது. குனிந்து தேடியதில், பின் ஹீட்டருக்குப் போகும் இரும்புக் குழாய் ஒன்று பின் சக்கரத்துக்கு அருகே துருவேறி வியர்த்திருப்பது தெரிந்தது. இப்போதைக்கு அதன் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டுச் சுண்ணக்கட்டியால் அடையாளமிட்டிருக்கிறேன். ஆகஸ்ட் விடுமுறையில் அந்தக் குழாய்களை முழுவதுமாகக் கழற்றி, முன்னாலேயே ஒரு ஹோஸால் வளைத்து இணைத்துவிட வேண்டும்.